எனக்கெங்க கா பொறுமை?

போன வருடம் மட்டக்களப்பில் எங்கள் பக்கம் ஒரு பாராட்டு விழா நடந்தது. யார் நடத்தினார்கள் என்பதை விடுவோம். நான்கு பேருக்குப் பொன்னாடை. முதலில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார். அவருடைய தாளக்கட்டைப் பற்றி அறிவிப்பாளர் ஐந்து நிமிடம் பேசினார். அடுத்தவர் உடுக்கு அடிப்பவர், அவருடைய குரல்வளம். மூன்றாமவர் மணவறை செய்பவர். ரெஜிபோமில் (தெர்மோகோல்) அவர் செதுக்கும் யானைத் தலைகள், அவருடைய கற்பனை. நான்காவது என் பெரியம்மா. கோயில் சடங்குக்கும் கலியாண வீட்டுக்கும் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் அறுபது வருடமாகக் காகிதம் வெட்டிக் கொடுக்கிறவர். "பொறுமையின் சிகரம்" என்றார் அறிவிப்பாளர். சபை கைதட்டியது. நானும்தான்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் காத்து அள்ளிக்கொண்டு போனது. பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்த பெரியம்மா திடீரென்று, "எனக்கெங்க கா பொறுமை?" என்றார். "பொறுமை இரிந்தா பென்சிலால கீறிப்போட்டெல்லோ வெட்டியிரிப்பன்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த நாள் பொன்னாடை தையல் மெசினுக்கு மூடுதுணியாகிவிட்டது. எனக்குத்தான் அந்த வசனம் தொண்டையில் முள்ளாக நின்றது. பெரியம்மா வெட்டுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். டிசு பேப்பரை எட்டாக மடிப்பார். வலக்கையில் கத்தரிக்கோல் ஓரிடத்தில் நிற்கும்; வாய் மட்டும் திறந்து மூடும். இடக்கையிலிருக்கும் காகிதம்தான் சுற்றும், சாயும், கத்தரியின் வாய்க்குள் போய் விழும். நாங்கள் வெட்டினால் கத்தரி காகிதத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். அவருக்குப் பத்து நிமிடத்தில் மயில். பிழைத்தால் மயில் கோழியாகும், கோழியும் பிழைத்தால் தாமரையாகும். சோறு வடிப்பது, தலை இழுப்பது, ஆளோடு சண்டை பிடிப்பது எல்லாமே அவருக்கு அவசரந்தான். இந்த மனுசியைப் பார்த்து ஒருவருக்குப் பொறுமை என்ற சொல் எங்கிருந்து வந்தது? அண்ணாவியாரும் ஒரு கூத்தை மாதக்கணக்கில் பழக்கித்தான் களரியில் ஏற்றுகிறார். அவரை யாரும் பொறுமைசாலி என்று சொல்லி மேடையிலிருந்து இறக்கி விடவில்லையே.

அசையாத கத்தரிக்கோல்

விழா முடிந்து சில கிழமைகளில் பாடசாலை விடுமுறை. நான் சித்திர ஆசிரியை. தரம் 9, 10 பிள்ளைகளுக்கு அனிமேஷன் பற்றி ஒரு சின்ன வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். உலகத்தின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படம் டிஸ்னியின் ஸ்னோ வைட், 1937 என்று ஒன்பது வருடமாக எந்தக் கூச்சமும் இல்லாமல் கரும்பலகையில் எழுதி வந்தவள் நான். இந்த முறை ஏதோ ஒரு சந்தேகத்தில் தேடிப் பார்த்தேன். அதற்குப் பதினொரு வருடம் முன்னர், 1926இல், ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் என்ற பெண் 'இளவரசன் அஹ்மதின் சாகசங்கள்' என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் நிழலுருவப் படம் எடுத்து முடித்திருந்தார். அதற்கும் முன்னர் 1917இல் ஆர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி ஒன்று செய்திருக்கிறார். அந்தப் படம் இன்று இல்லை. ஆகவே இன்று நாங்கள் உட்கார்ந்து பார்க்கக்கூடிய மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் ரைனிகருடையது. ஒன்பது வருடப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பலர் இப்போது கட்டாரில் இருக்கிறார்கள்.

ஆனால் நான் எழுந்து உட்கார்ந்தது அந்த 'முதல்' விசயத்துக்காக இல்லை. ரைனிகர் வயதான பிறகு அவரை வைத்து எடுத்த ஓர் ஆவணப்படத் துண்டில் அவர் உருவம் வெட்டுகிறார். பென்சில் கிடையாது, கோடு கிடையாது. வலக்கையில் கத்தரி அசையாமல் நிற்கிறது. இடக்கையில் கறுப்புக் காகிதம் சுழல்கிறது. போனை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த வளவுக்கு ஓடினேன். பெரியம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ம். ஆளுக்கு வேலை தெரியும்" என்றார். பிறகு, "கத்தரி கொஞ்சம் பெரிசு."

ரைனிகரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அதன் பிறகு வாசித்தேன். வாசித்த பக்கம் எல்லாம் அதே சொல் எனக்காகக் காத்திருந்தது. மூன்று வருடம் ஒரே படம், ஒவ்வொரு அசைவும் கையால், என்ன பொறுமை, என்ன பொறுமை! சரி, வேலையைப் பாருங்கள். 1899 ஜூன் 2ஆம் தேதி பெர்லின் நகரத்துச் சார்லொட்டன்பேர்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நிழல் வெட்டி வீட்டுக்குள் கூத்துக் காட்டியவர். பதினைந்து பதினாறு வயதில் போல் வேகனர் என்ற நடிகரும் இயக்குநருமானவரின் உரை ஒன்றைக் கேட்டுவிட்டு, அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்காகவே மக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். அங்கே மேடை ஓரத்தில் நின்று நடிகர்களின் நிழலுருவத்தை வெட்டிக் கொடுத்தே எல்லாருடைய கண்ணிலும் பட்டார். 1918இல் வேகனர், குழலூதி எலிகளை இழுத்துக்கொண்டு போன ஹாமலின் குழலூதியின் கதையைப் படமாக்கினார். எலிகள் சொல் கேட்கவில்லை. எலிக்குப் பதிலாகக் கொண்டுவந்த கினிப் பன்றிகளும் கேட்கவில்லை. கடைசியில் மர எலிகளைச் செய்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நூலளவு நகர்த்தி எடுத்தார்கள். நகர்த்தியவர்களில் ஒருவர் ரைனிகர், அப்போது 19 வயது. உயிருள்ளது ஓடித் தப்பும் இடத்தில் உயிரில்லாததை ஓட வைக்கலாம் என்று கண்ட பிள்ளை அது. அடுத்த வருடமே தன்னுடைய முதல் சின்னப் படத்தை எடுத்துவிட்டார். இதில் எந்த இடத்தில் பொறுமை இருக்கிறது?

அவர் வேலை செய்த முறையைச் சொன்னால் இன்னும் விளங்கும். கண்ணாடி பதித்த மேசை. கீழே வெளிச்சம். கண்ணாடிக்கு மேல் ஒளி ஊடுருவும் காகிதம். அதன் மேல் கறுப்பு அட்டையாலும் மெல்லிய ஈயத் தகட்டாலும் செய்த உருவம், கை கால் கழுத்தெல்லாம் கம்பியால் மூட்டுப் போட்டுப் படுத்துக் கிடக்கும். ஈயம் எதற்கென்றால், பாரத்தில் உருவம் தட்டையாக ஒட்டிக் கிடக்கும், விரல் பட்டவுடன் துள்ளாது. மேலே கமரா நேர் கீழே பார்த்தபடி. பின்னணிக்கு வேறு கண்ணாடிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கினார்; கிட்ட இருப்பது கிட்டவும் தூர இருப்பது தூரமாகவும் தெரிய அந்த இடைவெளி உதவியது. டிஸ்னி நிறுவனம் பல தட்டுக் கமரா என்று பெரிய எடுப்பில் இதைக் காட்டியது 1937இல். இது தச்சும் கொல்லும் ஒளியியலும் கலந்த வேலை. வடமோடிக் கூத்துக்கு மரத்தில் முடியும் அணியும் செய்கிறவர் முடியின் பாரத்தை ஆடுகிறவரின் கழுத்தோடு சேர்த்து நிதானிப்பார் அல்லவா, அந்த மாதிரி மூளை.

சித்தப்பாவின் டைல்ஸ்

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 1923. ஜெர்மனியில் காசு காகிதமாகிக்கொண்டிருந்த வருடம். அந்த நவம்பரில் ஒரு டொலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். லூயிஸ் ஹாகன் என்ற வங்கியாளர், காசாக வைத்திருந்தால் கரைந்துவிடும் என்று, படம் பிடிக்கும் வெற்றுப் பிலிமை வாங்கிக் குவித்துவிட்டார். பிறகுதான் இதை வைத்து என்ன செய்வது என்ற யோசனை வந்திருக்கிறது. ரைனிகரைக் கூப்பிட்டு, முழுநீளப் படம் ஒன்று எடுக்க முடியுமா என்று கேட்டார். அப்போது அனிமேஷன் என்றால் சில நிமிடப் பகிடி. ஒரு மணித்தியாலம் ஆட்கள் நிழலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. 24 வயதுப் பெண் ஓம் என்றார். பொட்ஸ்டாமில் ஹாகனின் கார்க் கொட்டகைக்கு மேலே ஸ்டூடியோ. கமராவில் அவருடைய கணவர் கார்ல் கொக். கூடவே வோல்டர் ருட்மன், பேர்த்தோல்ட் பார்ட்டோஷ் போன்றவர்கள், பிற்பாடு தங்கள் சொந்தப் படங்களால் பெயர் பெற்ற ஆண்கள், இவருடைய திட்டத்தின் கீழ் மந்திரப் புகையும் கடலலையும் செய்து கொடுத்தார்கள். 1926 மே 2ஆம் தேதி பெர்லினில் முதல் காட்சி.

எங்களுக்கு 1923ஐ யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. என் சித்தப்பா அந்த நாட்களில் வங்கியில் இருந்த கொஞ்சக் காசை எடுத்து நாற்பது பெட்டி டைல்ஸ் வாங்கினார். வீடு கட்டும் யோசனை எதுவும் இல்லை, சும்மா. இன்றைக்கும் அது வீட்டுப் புறத்தாழ்வாரத்தில் அடுக்கிக் கிடக்கிறது, கோழி முட்டையிடுகிறது. சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அடுக்கைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஹாகன் ஞாபகம் வருகிறார். உலகம் முழுக்கப் பயந்த மனிதர்கள் எதையோ வாங்கி அடுக்குகிறார்கள். அடுக்கியதைக் கொண்டுபோய் கத்தரிக்கோல் வைத்திருக்கும் பெண்ணிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? பெரியம்மாவுக்கு யாராவது பத்துக் கட்டுக் கறுப்பு பிரிஸ்டல் போர்ட் அட்டையைக் கொடுத்து, மூன்று வருடம் சோறும் போட்டு, நினைத்ததைச் செய் என்று சொல்லியிருந்தால்? இந்தக் கேள்வியைப் பெரியம்மாவிடம் கேட்டேன். "மூண்டு வருசமா? அதுக்குள்ள கறையான் தின்னும்" என்றார்.

குடம்

வகுப்பில் படத்தின் சில பகுதிகளைப் போட்டேன். ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளைக் கலந்து செய்தது என்பதால் அலாவுதீனைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சூனியக்காரியும் மந்திரவாதியும் சிங்கமாக, பாம்பாக, தேளாக, சேவலாக உருமாறி உருமாறி அடிபடும் இடத்தில் வகுப்பே விசிலடித்தது. அழகில்லாத சூனியக்காரி இந்தப் படத்தில் நல்லவள். அதை நான் சொல்லாமலே ஒரு பிள்ளை கவனித்துவிட்டாள். மந்திரவாதியை ஆபிரிக்கன் என்று காட்டியிருப்பதும், சீனச் சக்கரவர்த்தியைப் பகிடிப் பொம்மையாக்கியிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது பெர்லினில் இருந்துகொண்டு கண்ட கிழக்கு. அதையும் சொன்னேன்.

பெரி பானு என்ற இளவரசி தலை குனிந்து நிற்கும் ஒரு காட்சியில் கடைசி வாங்கிலிருந்து ஒரு பெடியன் கேட்டான். "டீச்சர், முகம் முழுக்கக் கறுப்புத்தானே. அழுறாவெண்டு எப்பிடித் தெரியும்?" கழுத்தைப் பார், கையைப் பார் என்று எதையோ சொன்னேன். அவனுக்கும் காணாது, எனக்கும் காணாது. அன்று பின்னேரம் பெரியம்மாவிடம் போய் அதே கேள்வியைக் கேட்டேன். சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "கூத்துப் பாக்கப் போனா நாங்க இருக்கிற பொம்புளைகள்ற பக்கம். பெற்றோல்மெக்ஸ் வெளிச்சம். முகமா தெரியும்? ராசா வாறானா, கட்டியகாரன் வாறானாவெண்டு கால் சொல்லும். தோள் சொல்லும். நான் ஒரு நாளும் முகத்தப் பாத்து அழல்ல."

அன்று இரவே செய்து பார்ப்பது என்று இறங்கினோம். சோகேஸ் கண்ணாடித் தட்டு ஒன்றைக் கழற்றி இரண்டு கதிரைக்குக் குறுக்கே வைத்தேன். கீழே எல்ஈடி பல்ப், மேலே டிசு பேப்பர். இரண்டு அடுக்குப் புத்தகத்துக்கு மேல் ஒரு பலகை, பலகையின் விளிம்பில் போன். குடத்தோடு ஒரு பெண்ணை பிரிஸ்டல் போர்ட்டில் நான் வெட்டி, மூட்டுக்குக் குண்டூசி குத்தி, பெருமையோடு கண்ணாடியில் வைத்தேன். முழங்கையை மடக்கினால் மூட்டில் வெளிச்சம் பிளந்து தெரிந்தது, எலும்பு முறிந்த ஆள் மாதிரி. பெரியம்மா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"எங்க மடியும்?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. தன் கையை விளக்குக்கு நேரே பிடித்து, சுவரில் விழும் நிழலைப் பார்த்து, மடக்கினார், நீட்டினார், மடக்கினார். பிறகு வெட்டத் தொடங்கினார். மேற்கையின் நுனியையும் கீழ்க்கையின் நுனியையும் காசு மாதிரி வட்டமாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். எந்தப் பக்கம் மடக்கினாலும் வட்டத்துக்கு மேல் வட்டம், வெளிச்சம் உள்ளே வர இடமில்லை. ரைனிகரின் உருவங்களிலும் துண்டுகள் இப்படித்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பெரியம்மா அதைப் பார்த்ததில்லை. மூட்டை நூலால் முடிந்தார். முடிச்சு இறுகினால் கை வராது, தளர்ந்தால் தொங்கும். இரண்டு தரம் அவிழ்த்தார். மூன்றாம் தரம் உருவத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு, அதற்கும் எனக்கும் சேர்த்து ஏச்சு. பழைய அயர்ன்பொக்ஸ் வயரைச் சீவிச் செம்புக் கம்பி எடுத்தோம். அது சரிவந்தது. உருவம் வைத்த இடத்தில் நின்றது, விரலால் தொட்டால் வந்தது.

ஒரு விநாடிக்கு 12 படம் என்று கணக்கு வைத்து, குடத்தைத் தூக்கும் கையை ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவில் உயர்த்திக்கொண்டு போனேன். ஓட விட்டுப் பார்த்தால் குடம் லிப்டில் ஏறுகிறது. பெரியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வா மனே" என்று கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரவு பதினொன்றரை. வெறும் வாளியைத் தூக்கச் சொன்னார். பிறகு நிரம்பிய வாளி. "இப்ப பாத்தியா, கை போக முன்னம் எங்க போகுது?" இடுப்பு மறுபக்கம் சாய்ந்தது. தோள் கீழே இறங்கியது. கை கொஞ்ச நேரம் எங்கும் போகவில்லை. பிறகு ஒரே எட்டில் வந்தது. திரும்பி வந்து முதல் பத்துப் படத்துக்குக் கையைத் தொடவே இல்லை, இடுப்பை மட்டும் நகர்த்தினோம். 96 படம். எட்டு விநாடி. முடியும்போது இரவு ஒன்றரை மணி. பெரியம்மா கொட்டாவி விட்டுக்கொண்டு, "இவ்வளவு நேரத்தில ஒரு பந்தலுக்கு வெட்டியிரிப்பன்" என்றார்.

அடுத்த வகுப்பில் எட்டு விநாடியையும் போட்டேன். கடைசி வாங்குப் பெடியன் மூன்று தரம் பார்த்தான். "குடம் பாரம், டீச்சர்" என்றான். அழுகையைப் பற்றி அவன் பிறகு கேட்கவில்லை.

எஞ்சியது

ரைனிகரின் மிச்ச வாழ்க்கையை எங்கள் ஊர் ஆட்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1933இல் நாசிகள் வந்தார்கள். அவரும் கணவரும் வெளியேறினார்கள். எந்த நாடும் நிரந்தரமாக இருக்க விசா கொடுக்கவில்லை. பாரிஸ், லண்டன், ரோம் என்று விசா முடியும் இடத்திலிருந்து விசா கிடைக்கும் இடத்துக்கு அலைந்தார்கள். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாழ்வது என்ன என்று இங்கே யாருக்குத் தெரியாது? அந்த அலைச்சலுக்குள்ளும் ஒரு டசின் படம். அதில் ஒன்று, 1935இல் வந்த 'பாப்பகேனோ', மொசார்ட்டின் இசைக்குப் பறவைக்காரன் ஆடுவது. அதைப் பார்த்தபோது பெரியம்மா கால்விரலால் நிலத்தில் தாளம் போட்டார். போரின் கடைசியில், நோயாளித் தாயைப் பார்க்க ரைனிகர் பெர்லினுக்கே திரும்பிப் போனார். அந்த ஆட்சியின் கீழ் அங்கேயும் வேலை செய்திருக்கிறார். தாயைப் பார்க்கப் போனவரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அதை மூடிவிட்டு எழுதவும் மனம் வரவில்லை. இரண்டும் இருக்கட்டும். 1949இல் லண்டனுக்குப் போய்த் தொலைக்காட்சிக்காகத் தேவதைக் கதைகளை வரிசையாக எடுத்தார். அதில் துணிச்சலான குட்டித் தையற்காரன் கதைக்கு 1955இல் வெனிஸில் பரிசு. அந்த வருடங்களில் அவர் வேலை செய்த வேகத்தைப் பார்த்தால் பெரியம்மாவின் இல்லச் சோடனைக் காலம்தான் ஞாபகம் வரும். 1963இல் கொக் இறந்த பிறகு பல வருடம் படமே எடுக்கவில்லை. எழுபதுகளில், எழுபது வயதைத் தாண்டி, கனடாவுக்குப் போய் மறுபடியும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். 1981இல் காலமானார்.

அஹ்மது படத்தின் மூல நெகட்டிவ் 1945இல் பெர்லின் சண்டையில் அழிந்துபோனது. லண்டனில் பிரித்தானியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் நிறமேற்றிய பழைய பிரதி ஒன்று இருந்தபடியால், தொண்ணூறுகளின் கடைசியில் ஜெர்மனியில் அதை மீட்டெடுத்தார்கள். பெரியம்மாவிடமும் ஒரு கொப்பி இருந்ததாம். இளம் வயதில் வெட்டியதில் நல்லதாக வந்ததையெல்லாம் அதில் ஒட்டி வைத்திருந்தாராம். எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வெட்டியதெல்லாம் சடங்கு முடிந்த அடுத்த நாள் குப்பையோடு எரிகிறது. இதுவரைக்கும் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, சித்திர டீச்சர். இந்த வருட வைகாசிச் சடங்குக்குப் போனோடு போகலாம் என்றிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்து மணிக்குப் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் நெஞ்சைத்தான் பிடிப்போம். பெரியம்மா.

"குதிரைக்குப் பின்னங்கால் ரெண்டு துண்டு காணாது கா. மூண்டு வேணும். முழங்கால் பின்னுக்கெல்லோ மடியுது."

யார் குதிரை கேட்டது? நான் கேட்கவில்லை. "இஞ்ச குதிரைய எங்க பாத்த நீங்க?" என்றேன்.

"குதிரைக்கு எங்க போற? சித்தப்பாட ஆட்டப் பாத்தன். டைல்ஸ் பெட்டிக்கு மேல ஏறிச்சு. நீ அந்தக் கம்பியக் கொண்டு வா."